மையம் அனுப்பாத உதவியாளர்

அனுப்புநர்:
எர்மெக் பெர்திபாயெவ்,
மூன்றாம் ஆண்டு, சட்டப் புலம்,
மாணவர் விடுதி எண் 2,
ஓஷ்.

பெறுநர்:
ரெக்டர் அவர்கள்,
அலாய் அரசுப் பல்கலைக்கழகம்,
ஓஷ், கிர்கிஸ்தான்.

பொருள்: மாணவர் ஆதரவு மையத்தின் உதவியாளர் சேவை – சென்ற கல்வியாண்டில் எனக்கு உதவியவர் குறித்து எழுந்துள்ள குழப்பம் – எனது தேர்வுகளை ரத்துச் செய்ய உத்தேசித்து வந்த அறிவிப்பு – நேரில் விசாரித்து முடிவு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: ஒழுங்குக் குழுவின் நவம்பர் மாத அறிவிப்பும், அதனுடன் கையொப்பத்துக்காக இணைத்து அனுப்பப்பட்ட வாக்குமூலமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தங்கள் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பேசும் கணினியின் துணையோடு இம்மனுவை நானே தட்டச்சு செய்துள்ளேன். பிழைகள் இருப்பின் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன். புகார் மனுவில் எதிர்தரப்பின் பெயரை முதலிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். இம்மனுவில் அந்தப் பெயர் இல்லை. எழுதினேன், பிறகு அழித்தேன், வேறொரு பெயரை எழுதி அதையும் அழித்தேன். எனக்கு அநீதி இழைத்தவர் யார் என்று எனக்கே விளங்காத நிலையில்தான் தங்களிடம் வருகிறேன்.

2. முதலாம் ஆண்டில் என் பாடநூல்களை விடுதியறை நண்பன் ஆதிலெத் படித்துக் காட்டினான். அவன் வாகனப் பொறியியல் மாணவன். நல்ல மனம் படைத்தவன். ஆனால் ரோமானியச் சட்டத்தை அவன் மினிபஸ் நடத்துநர் நிறுத்தங்களைக் கூவுவதுபோல் கூவுவான். இரண்டு பக்கம் முடிவதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும்; எனக்குக் கோபம் வந்துவிடும். ஆகவே இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் ஆதரவு மையத்தில், பாடம் படித்துக் காட்டவும் தேர்வில் நான் சொல்வதை எழுதவும் ஓர் உதவியாளர் வேண்டுமென விண்ணப்பித்தேன். மையத்தின் இயக்குநர் திருமதி நாசிரா இசகோவா அன்போடு வரவேற்றுத் தேநீர் கொடுத்தார். செப்டம்பர் முதல் வாரத்தில் உதவியாளர் வந்துவிடுவார், தாழ்வாரத்து இருக்கையில் வந்து காத்திருங்கள் என்றார்.

3. சொன்ன நாளில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் யாரும் வரவில்லை. மதியத்துக்குச் சற்று முன் மையத்தின் கதவு திறந்து ஒரு பெண் வெளியே வந்தார். காலடி எனக்கு முன்னால் வந்து நின்றது. ஆள் போகவும் இல்லை, பேசவும் இல்லை. நான் எழுந்து, "எனக்குப் படிச்சுக் காட்ட வந்த அக்கா நீங்கதானா?" என்று கேட்டேன். யாரோ வாளியை இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்து போனார்கள். அந்தச் சத்தம் முழுதும் அடங்கிய பிறகு, "ஆமா" என்றார். என்ன பாடம் என்று கேட்டார். குடிமைச் சட்டம் என்றேன். மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அன்று எனக்குப் பொருள் தெரியவில்லை.

4. அவர் தம் பெயர் ஜிபார் என்றார். அன்று முதல் சென்ற கல்வியாண்டு முடியும்வரையிலும், இவ்வாண்டு அக்டோபர் வரையிலும் அவரே என் உதவியாளர். நான் மையத்தின் சேவை என்று நம்பியது அவரைத்தான்.

5. அந்தச் சேவையின் தரம் பற்றிச் சொல்வது என் கடமை. விரிவுரைகளில் என் பக்கத்தில் அமர்ந்து, பலகையில் எழுதப்படுவதைத் தணிந்த குரலில் சொல்வார். மாலையில் நூலகத்தின் பின்கட்டில் பாடநூல் படிப்பார். அடிக்குறிப்புகளை ஒருபோதும் விட்டதில்லை. நூலாசிரியரோடு சண்டை பிடிப்பார். "இந்தாளு போன அத்தியாயத்துல வேற மாதிரி சொன்னாரு. இப்ப மாத்திப் பேசுறாரு பாரு" என்பார். நான் ஆசிரியர் பக்கம் பேசுவேன். நூலகர் வந்து கண்டிக்கும்வரை வாதம் நடக்கும். அவரோடு வாதாடித்தான் எனக்குச் சட்டம் பிடிபட்டது. ஒரு முறை அவருடைய மகளும் வந்திருந்தாள். மீரிம் என்று பெயர், சின்னக் குழந்தை. காய்ச்சல் என்று அன்று மழலைப் பள்ளியில் உள்ளே விடவில்லையாம். விரிவுரை முழுவதும் மேசைக்கடியில் என் கோலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தாள். மையத்தின் ஊழியர் மகளையும் கூட்டி வரலாமா என்று நான் யோசித்ததுண்டு. கேட்கவில்லை.

6. எனது ஆறு தேர்வுகளிலும் நான் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதியவர் அவரே. இது பற்றி இப்போது ஐயம் எழுப்பப்பட்டிருப்பதால் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறேன். சொத்துரிமைத் தேர்வில், உடைமைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை நான் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். அவர் பேனா ஒரு கணம் நின்றது; பிறகு எழுதியது. தேர்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் விடுதி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். "நீ சொன்னதத்தான் எழுதினேன். வயிறு எரிஞ்சுக்கிட்டே எழுதினேன். இன்னொரு தடவை இப்படிச் சொன்னே, பேனாவால குத்துவேன்" என்றார். அந்தத் தாளில் எனக்கு ஐந்துக்கு மூன்றுதான் கிடைத்தது. அவர் விரும்பியிருந்தால் ஐந்து கிடைத்திருக்கும். மேற்பார்வையாளர் இருந்தது கூடத்தின் மறுகோடியில்.

7. இடையில் திருமதி இசகோவா அவர்களை இரண்டொரு முறை தாழ்வாரத்தில் சந்தித்தேன். எல்லாம் சரியாகப் போகிறதா என்று விசாரித்தார். மிகவும் சரியாகப் போகிறது, மையத்துக்கு நன்றி என்றேன். அவர் மகிழ்ந்தார். இப்போது யோசித்துப் பார்க்கையில், எனக்கு ஏதோ ஏற்பாடு நடந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவர் என்று நான் நினைத்திருக்கிறேன். இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லி ஓர் ஆண்டு கழித்திருக்கிறோம். இதில் யார் பொய் சொன்னது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

8. இவ்வாண்டு அக்டோபரில் மையத்தின் ஐந்தாம் ஆண்டு விழா நடந்தது. தாங்களும் மேடையில் இருந்தீர்கள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். சேவையால் பயன்பெற்ற மாணவன் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். விழாவுக்கு என்னை அழைத்து வந்ததும் ஜிபார் அக்காதான். வழியில், "பேசுறப்ப என் பேரச் சொல்ல வேணாம்" என்றார். அடக்கத்தால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மேடையில் நின்றதும், அவர் பெயரைச் சொல்லாமல் இறங்குவது நன்றி கெட்ட செயல் என்று தோன்றியது. மையம் எனக்கு அனுப்பிய ஜிபார் அக்கா இல்லையென்றால் நான் இன்று சட்ட மாணவனாக இருக்கமாட்டேன் என்று சொன்னேன். பலத்த கைதட்டல். திரும்பி வந்து அமர்ந்தபோது பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை.

9. விருந்தினர்களில் ஒருவர் அந்தப் பெண்ணுக்கு மலர்க்கொத்து தர விரும்பினாராம். திருமதி இசகோவா என்னருகே வந்து குனிந்து, "எந்த ஜிபார், தம்பி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நீங்கள் அனுப்பினீர்களே, அந்த ஜிபார் என்றேன். அவர் கைவளை மேசை விளிம்பில் தட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. அந்தச் செப்டம்பரில் ஆள் கிடைக்கவில்லை, நாங்கள் உங்களுக்கு இன்னும் யாரையும் அனுப்பவில்லை என்று மறுநாள் அலுவலகத்தில் சொன்னார். இந்த முறையும் தேநீர் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

10. பின்னர் நடந்தவை ஒழுங்குக் குழுவின் ஆவணங்களில் உள்ளன. நான் புரிந்துகொண்ட அளவில் சுருக்கிச் சொல்கிறேன். அந்தப் பெண் இப்பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர், மாணவியும் அல்லர். வெளியாள். வெளியாள் ஒருவர் ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் வாயிலைக் கடந்து வந்தது எப்படி என்று குழு கேட்டது. காவலர் என் கோலைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிடுவார். என் கையைப் பிடித்து வருகிறவரிடம் அட்டை கேட்கமாட்டார். இதைச் சொன்னால் காவலருக்குத் தண்டனை வரும் என்று அஞ்சி முதலில் சொல்லவில்லை. பிறகு அவரே சொல்லிவிட்டார் என்று அறிகிறேன். அவர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். பார்வையில்லாதவனைக் கூட்டி வருகிறவரை வாயிலில் நிறுத்தி வைக்காததை நான் குற்றமாகக் கருதவில்லை.

11. குழு எனக்கு இரண்டு வழிகளைக் காட்டியுள்ளது. முதல் வழி: "மேற்படி பெண் தம்மை மையத்தின் உதவியாளர் என்று கூறி என்னை ஏமாற்றினார், உண்மை அறியாமல் அவர் உதவியைப் பெற்றேன்" என்ற வாக்குமூலத்தில் நான் கையொப்பமிட வேண்டும். அப்படிச் செய்தால் நான் பாதிக்கப்பட்டவன்; என் தேர்வு முடிவுகள் நிலைக்கும். அந்தப் பெண்ணை இனி எக்காலத்திலும் இப்பல்கலைக்கழகத்தில் அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவாகும். இரண்டாம் வழி: கையொப்பமிட மறுத்தால் நானும் உடந்தை. ஆறு தேர்வுகளும் ரத்தாகும். அரசுச் செலவில் படிக்கும் என் இடமும் போகும். குழுத் தலைவர் கனிவோடுதான் பேசினார். "இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? உன்ன ஏமாத்தினதுதான உண்மை?" என்றார். அதற்கு என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

12. என்னிடம் எதில் ஏமாற்றினார் என்று நான் எண்ணிப் பார்த்தேன். பாடத்தில் இல்லை. தேர்வில் இல்லை. பெயரில் இல்லை, ஜிபார் என்பது அவருடைய உண்மைப் பெயர்தான். ஒரே ஒரு "ஆமா". அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால், மற்ற எல்லாம் அவர் சொன்னபடியே நடந்திருக்கின்றன. ஆனால் அந்த ஒரு சொல் பொய் என்பதும் சட்ட மாணவனான எனக்குத் தெரியாமல் இல்லை. மறைப்பதில் பயனில்லை ஐயா, அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது. ஓராண்டு பக்கத்தில் இருந்தவர், இத்தனை பேசியவர், இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று இருந்தது.

13. இதற்கிடையில் மையம் எனக்கு உண்மையான உதவியாளர் ஒருவரை அனுப்பியது. பெக்தூர் என்னும் முதுநிலை மாணவர். நேரம் தவறாதவர், மரியாதையானவர். தெளிவாகப் படிப்பார். ஒரு வரியையும் குறை சொல்லமாட்டார். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நான் விண்ணப்பித்த சேவை எனக்குக் கிடைத்துவிட்டது. அப்படியிருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குற்றவியல் நடைமுறை கேட்கும்போது ஏன் ஒவ்வோர் அடிக்குறிப்பிலும் ஒரு சண்டைக்குக் காத்திருக்கிறேன் என்பதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

14. கையொப்பமிடுவதற்கு முன் ஜிபார் அக்காவிடமே கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். செல்பேசி அணைந்திருந்தது. ஆதிலெத் அவருடைய முழுப் பெயரைக் கேட்டான். தெரியாது. வீடு? தெரியாது. "ஒரு வருஷம் என்னதாண்டா பேசினீங்க?" என்றான். ஒப்பந்தச் சட்டம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டான்; சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவே: காலை வகுப்புகளுக்கு வரும்போது அவர் கைகளில் வெங்காயமும் சீரகமும் மணக்கும். சித்தி வைத்திருக்கும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் சம்சா அடுப்பில் விடியற்காலையில் மாவு பிசைந்துவிட்டு வருவதாக ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதுவும் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம்.

15. அந்தப் பக்கம் சம்சா அடுப்புகளுக்குக் குறைவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆதிலெத்தும் நானும் ஒரு சனிக்கிழமை ஒவ்வொன்றாகப் போனோம். வெறுங்கையோடு விசாரித்தால் மரியாதையில்லை என்று அவன் ஒவ்வோர் அடுப்பிலும் ஒரு சம்சா வாங்கித் தின்றான். நான் நின்று குரல்களைக் கேட்டேன். எங்கும் அவர் குரல் இல்லை. திரும்பிவிடலாம் என்று ஆதிலெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்ன சமயத்தில், கீழிருந்து ஒரு குழந்தை, "அம்மா, குச்சி மாமா வந்திருக்காரு" என்றது. மீரிம் என் கோலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

16. அங்கு நடந்த உரையாடல் இவ்வழக்கின் முக்கிய ஆதாரம் என்று கருதுவதால், நினைவில் உள்ளபடி அப்படியே தருகிறேன். ஆதிலெத் சாட்சி.

நான், "ஏன்க்கா அன்னைக்கு ஆமான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் மாவுக் கையைத் துணியில் துடைக்கும் ஓசை கேட்டது. பிறகு, "அன்னைக்குக் காலையிலேர்ந்து ஒவ்வொரு ரூமா ஏறி எறங்கினேன். எல்லா எடத்துலயும் இல்ல, முடியாது, நீ எங்க ஆளு இல்லன்னுதான் சொன்னாங்க. வெளிய வந்தா, நீங்கதானான்னு ஒருத்தன் எந்திரிச்சு நின்னு கேக்குறான். அதுக்கும் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார்.

மறுநாள் வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். நீ புஸ்தகத்தத் தொறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தே" என்றார். பின்பு, "ஒண்ணு தெரிஞ்சுக்க எர்மெக். உனக்காகப் படிச்சேன்னு நெனச்சுக்காதே. நான் படிச்சேன். நீ பக்கத்துல உக்காந்திருந்தே. அவ்வளவுதான்" என்றார்.

17. அன்றுதான் எனக்கு மற்றவை தெரிய வந்தன. அவர் முழுப் பெயர் ஜிபார் மாமத்கானோவா. இதே பல்கலைக்கழகத்தில், இதே சட்டப் புலத்தில் இரண்டாம் ஆண்டு வரை படித்தவர். கணவர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன ஆண்டில் மீரிம் பிறந்தாள். குறைமாதக் குழந்தை என்பதால் மருத்துவமனையிலேயே பல வாரங்கள் இருக்க நேர்ந்தது. வருகை குறைந்தது. விடுப்புக் கேட்டு வந்தபோது, விடுப்பை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்றார்களாம். குழந்தை முன்கூட்டியே பிறக்கும் என்று தமக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். பெயர் நீக்கப்பட்டது.

18. குழந்தை வளர்ந்த பிறகு, மீண்டும் சேர வழி உண்டா என்று கேட்கத்தான் சென்ற ஆண்டு செப்டம்பரில் வந்திருக்கிறார். மீண்டும் சேர்க்க ஆதரவு மையத்தின் பரிந்துரை வேண்டும் என்றது டீன் அலுவலகம். பதிவிலுள்ள மாணவர்களுக்கு மட்டுமே நாங்கள் உதவ முடியும், முதலில் டீன் அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துவிட்டு வாருங்கள் என்றது ஆதரவு மையம். மாணவியானால்தான் உதவி, உதவி கிடைத்தால்தான் மாணவி. இதைப் பல முறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன் ஐயா. இரண்டு விதிகளையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டும் நியாயமாகவே இருக்கின்றன. சேர்த்துப் படிக்கும்போது அந்தப் பெண் நிற்பதற்கு ஓர் இடமும் இல்லை. மையத்தின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து என் முன்னால் அவர் அசையாமல் நின்றது அந்த நேரத்தில்தான்.

19. அன்று அடுப்பருகே அவரிடம் வாக்குமூலத்தைப் பற்றியும் சொன்னேன். சற்றும் தயங்காமல், "கையெழுத்துப் போட்டுடு" என்றார். அவர் இனி உள்ளே வரவே முடியாது என்பதை எடுத்துச் சொன்னேன். "ஏற்கெனவே வெளியிலதான நிக்கிறேன். ரெண்டு பேரும் வெளிய நின்னு யாருக்கு என்ன லாபம்? போட்டுட்டுப் போய்ப் படி" என்றார். ஆதிலெத்தும், அவங்க சொல்றது சரிதாண்டா என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது. விடுதிக்கு வந்து, கையொப்பமிடும் இடத்தை ஆதிலெத்தின் விரல் காட்ட, பேனாவை வைத்தேன். பேனா நகரவில்லை. நான் வீரன் அல்லன். அரசு இடம் போனால் என்னைப் படிக்க வைக்க நோகாத் ஊரில் இருக்கும் என் பெற்றோரால் இயலாது என்பதை நன்கு அறிவேன். ஆனாலும் "ஏமாற்றினார்" என்ற சொல்லுக்குக் கீழே என் பெயர் போகவில்லை.

20. மறுநாள் திருமதி இசகோவா அவர்களிடம் போய் ஜிபார் சொன்னதையெல்லாம் சொன்னேன். இயக்குநரையே எதிர்தரப்பாக எழுதும் எண்ணத்தோடுதான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் மறுக்கவில்லை. அந்தப் பெண் வந்தது தமக்கு நினைவிருக்கிறது என்றார். "பச்சைத் தலைத்துணி கட்டியிருந்தா. அழல. அழுதிருந்தாலாவது உக்கார வெச்சிருப்பேன்" என்றார். பிறகு, "நான் என்ன பண்ணட்டும் தம்பி? என் விதிமுறையில அவளுக்கு ஒரு வரிகூட இல்ல. இருந்திருந்தா எழுதிக் குடுத்திருக்க மாட்டேனா?" என்றார். அவர் குரல் உடைந்தது. அதனால்தான் ஐயா, எழுதிய பெயரை அழித்தேன். டீன் அலுவலகத்தின் பெயரை எழுதிப் பார்த்தேன். அவர்களிடமும் கேட்டால் அவர்களுக்கும் ஒரு விதி இருக்கும்.

21. மீண்டும் சம்சா அடுப்புக்குப் போனேன், இம்முறை தனியாக. தங்களுக்கு மனு எழுதப்போவதாக ஜிபார் அக்காவிடம் சொன்னேன். எழுதாதே என்று சண்டை போட்டார். அந்த இரண்டு விதிகளையும் அருகருகே வைத்து, சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். சண்டையை நிறுத்தினார். பிறகு, வழக்கம்போல் என்னைத் திருத்தத் தொடங்கினார். மையத்தின் விதியில் "மாணவர்" என்றுதான் இருக்கிறது, "பதிவிலுள்ள மாணவர்" என்று இல்லை. அது பழக்கத்தில் வந்ததாக இருக்கலாம், மூலத்தைப் பார் என்றார். பார்த்தேன். மையத்தின் விதிமுறை, ஆரம்பப் பிரிவிலேயே, "கல்வி பயிலும், அல்லது பயில்வதில் இடையூறு நேர்ந்த மாணவர்" என்று சொல்கிறது. இடையூறு நேர்ந்தவர் என்பது யாரைக் குறிக்கிறது என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு ஒரு முகம் தெரியாது. ஒரு குரல் தெரியும்.

22. கடைசியில் அவர் சம்மதித்தார். ஒரு நிபந்தனை விதித்தார். "எழுது. ஆனா என்னப் பாவம்னு மட்டும் எழுதிடாதே" என்றார். ஆகவே அவர் பாவம் என்று நான் எங்கும் எழுதவில்லை. அப்படி ஏதேனும் வரி தொனித்தால் அது என் நடையின் குறை.

23. எனவே பின்வருமாறு வேண்டுகிறேன். வாக்குமூலத்தைக் கையொப்பமின்றித் திருப்பி அனுப்புகிறேன். அதை அவமரியாதையாகக் கொள்ள வேண்டாம். எனது ஆறு பாடங்களிலும் குழு விரும்பும் பேராசிரியர் எவரும், விரும்பும் நாளில், வாய்மொழியாக என்னைச் சோதிக்கலாம். அப்போது என் பக்கத்தில் யாரும் இருக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியாவிட்டால் தேர்வுகளை ரத்துச் செய்யுங்கள்; அந்த முடிவை ஏற்கிறேன். தெரிந்திருந்தால், அந்த அறிவு யாருடைய குரல் வழியாக வந்தது என்பதற்காக அதை ரத்துச் செய்ய வேண்டாம். சொத்துரிமையில் எனக்குக் கிடைத்த மூன்றை மூன்றாகவே வைத்துக்கொள்ளலாம். அது நியாயமான மதிப்பெண்.

திருமதி இசகோவா அவர்களுக்கு அவர் கேட்கும் அந்த ஒரு வரியைத் தாங்கள் எழுதிக் கொடுக்குமாறும் வேண்டுகிறேன். படிப்பை இழந்தவர் திரும்பி வர வழி கேட்டு வந்தால், அவரை எங்கே அனுப்புவது என்ற ஒரு வரி. அது இல்லாததால் இயக்குநர் கதவைச் சாத்த நேர்ந்தது. அவருக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை.

ஜிபார் மாமத்கானோவாவை மன்னிக்குமாறு நான் கேட்கவில்லை. அந்த "ஆமா"வுக்கு என்ன தண்டனையோ அதைக் குழு விதிக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அவரைக் கேட்காமல் விதிக்க வேண்டாம். மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பத்தை அவர் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார். எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தங்கள் அறையில் கொடுப்பது என்று முடிவு செய்துள்ளோம்.

24. டிசம்பர் 18ஆம் நாள் பொதுமக்களைச் சந்திக்கும் தங்கள் நேரத்தில் நாங்கள் வருகிறோம். நான் என் கோலோடு ஒரு வாயிலில் வருவேன். அவர் வேறு வாயிலில், தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார். அன்று அவர் என்னை அழைத்து வரவில்லை. யாருக்கும் உதவியாளராக வரவில்லை. தம் சொந்தக் காரியமாக வருகிறார். காவலர் யார் நீங்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். மாணவி என்று சொல்ல முடியாது, அது இன்னும் உண்மையாகவில்லை என்றார். வெளியாள் என்று சொல்ல மனம் வரவில்லை என்றார். ஆகவே அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வராதபடி வாயிலுக்கு முன்னதாகவே தகவல் அனுப்பிவைக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.

தங்கள் முடிவு எதுவாயினும் அதைப் புரியும்படி எழுதி அனுப்புவீர்கள் என்ற நம்பிக்கையோடு,

எர்மெக் பெர்திபாயெவ்
(கையொப்பம்)

இடம்: ஓஷ்
நாள்: டிசம்பர் 4, 2023

இணைப்பு: வாக்குமூலம், கையொப்பமிடப்படாதது.
நகல்: திருமதி நாசிரா இசகோவா, இயக்குநர், மாணவர் ஆதரவு மையம். புகாராக அன்று, தகவலுக்காக.